பாரசீக ஏடுகளில் பாண்டிய நாடு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் திருக்குறளின் நயத்தையும் கம்பன் கவியின் சுவையையும் எடுத்துரைக்கப் புலவர் பெருமக்கள் பலர் உளர். மெட்ரிகுலேஷன் வரை பயின்று, ரெயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் எனக்கு அத்தகைய புலமை இல்லை. ஆயினும் கணக்குப் புத்தகங்களோடு நெடுநாள் பழகியவனுக்குப் பழைய ஏடு எதைக் கண்டாலும் சில கேள்விகள் எழுவது இயல்பு. இதை எழுதியவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்? இந்தத் தொகை எண்ணி எழுதியதா, எண்ணாமல் எழுதியதா? இக்கேள்விகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பாரசீக மொழியில் எழுதப்பெற்ற பழைய சரித்திர நூல்களில் நம் பாண்டிய நாடு எவ்வாறு காட்சி தருகிறது என்பதை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பாரசீகம் நான் அறியேன். எலியட், டௌஸன் என்னும் ஆங்கிலேயர் இருவர் தொகுத்த மொழிபெயர்ப்புகளையும், பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் நூல்களையும் துணையாகக் கொண்டே பேசுகிறேன்.

மங்கோலியரும் சரித்திர ஆசிரியர் மூவரும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கிஸ்கான் தலைமையில் மங்கோலியர் புறப்பட்டு வந்து, மத்திய ஆசியாவின் பெருநகரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அழித்தனர். 1220-இல் புகாரா வீழ்ந்தது. செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகு 1258-இல் பாக்தாத் நகரைக் கைப்பற்றி, இஸ்லாமிய உலகின் தலைவராக விளங்கிய கலீபாவைக் கொன்றான். ஐந்நூறு ஆண்டுகள் நின்ற ஓர் அரசபீடம் சில நாட்களில் சாய்ந்தது.

இத்தகைய பேரழிவுக்குப் பின் எழுதுகோல் ஓய்ந்துவிடும் என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது அதற்கு மாறானது. பாரசீகச் சரித்திர இலக்கியம் உச்சநிலை அடைந்தது அந்த மங்கோலியர் ஆட்சியிலேதான். வென்றவர்களுக்கு ஆளத் தெரியவில்லை. வரி வாங்கவும் கணக்கு வைக்கவும் தோற்றவர்களின் எழுத்தர்கள் தேவைப்பட்டனர். அந்த எழுத்தர்களுள் மூவர் எழுதிவைத்த நூல்களே நாம் காண வேண்டியவை.

முதலாமவர் ஜுவைனி. ஹுலாகுவின் பரிவாரத்தில் இருந்தவர். 1256-இல் அலமூத் என்னும் மலைக்கோட்டை வீழ்ந்தபோது அங்கிருந்த நூல்நிலையத்தைப் பார்வையிட்டுச் சில நூல்களைக் காப்பாற்றியவர். தம் சமயத்துக்கு மாறானவை என்று கருதியவற்றை நெருப்பிலிட்டவரும் அவரே. பிற்காலத்தில் பாக்தாதின் ஆளுநராகவும் இருந்தார். ஆனால் 'உலகை வென்றவன் வரலாறு' என்னும் அவர் நூல் பாக்தாதின் வீழ்ச்சிக்கு முன்பே நின்றுவிடுகிறது. தம் கண்ணெதிரே நடந்ததை அவர் எழுதவில்லை. சம்பளம் கொடுத்தவர்களின் செயலை எவ்வாறு எழுதுவது என்று தயங்கினாரோ என எண்ணத் தோன்றுகிறது. சரித்திரத்தில் எழுதாமல் விட்ட பக்கத்துக்கும் பொருள் உண்டு என்பதை இவரிடம் காண்கிறோம்.

இரண்டாமவர் இரஷீதுத்தீன். ஹமதான் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய மருத்துவர். கஸான்கானுக்கும் உல்ஜாய்த்துவுக்கும் அமைச்சரானார். மங்கோலியர் வரலாற்றோடு நிறைவடையாமல், சீனர், யூதர், ஐரோப்பியர், இந்தியர் ஆகியோர் வரலாறுகளையும் ஒரே நூலில் தொகுத்தார். இந்தியப் பகுதிக்குக் காஷ்மீரத்துப் பௌத்தத் துறவியான கமலஸ்ரீ என்பவரைத் துணை கொண்டார். தம் நூல்களை ஆண்டுதோறும் அரபியில் ஒன்றும் பாரசீகத்தில் ஒன்றுமாகப் படியெடுத்துப் பல நகரங்களுக்கு அனுப்ப வேண்டுமென்று அறக்கட்டளையே ஏற்படுத்தினார். அத்தகையவர் 1318-இல் எழுபது வயதைக் கடந்த முதுமையில், அரசனுக்கு நஞ்சு கொடுத்தார் என்ற பழியின்பேரில் கொல்லப்பட்டார். அவர் அமைத்த கல்விப் பேட்டை சூறையாடப்பட்டது. எனினும் பல ஊர்களுக்குப் படிகள் போயிருந்தமையால் அவர் நூல் பிழைத்தது.

மூன்றாமவர் வஸ்ஸாப். ஷிராஸ் நகரத்தவர்; வரித்துறையில் அலுவல் பார்த்தவர். நம் இனத்தவர் என்று நான் உரிமை கொண்டாடலாம்! ஜுவைனி நிறுத்திய இடத்திலிருந்து இவர் தொடங்கினார். இரஷீதுத்தீனின் ஆதரவால் 1312-இல் தம் நூலை உல்ஜாய்த்துவின் அவையில் அரங்கேற்றினார். நடை மிகக் கடினம். படித்துக் காட்டியபோது அரசனுக்கே பொருள் விளங்கவில்லை என்பர். 'வஸ்ஸாப்' என்பதும் அரசவையைப் புகழ்ந்துரைப்பவர் என்னும் பட்டத்தின் சுருக்கமே. இந்தச் சொல்லலங்காரக் காட்டினுள்ளேதான் நம் பாண்டிய நாடு மறைந்திருக்கிறது.

குதிரை வந்த கடல்வழி

ஷிராஸில் இருந்த ஒருவருக்குப் பாண்டிய நாட்டைப் பற்றி என்ன அக்கறை? குதிரைதான் காரணம்.

அராபியரும் பாரசீகரும் நம் கீழைக் கடற்கரையை 'மாபார்' என்று அழைத்தனர். கடந்து செல்லும் துறை என்பது அச்சொல்லின் பொருள். கொல்லம் முதல் நெல்லூர் வரை நீண்ட நாடு என்று வஸ்ஸாப் எல்லை கூறுகிறார். அதன் அரசனைத் 'தேவர்' என்கிறார். நம் கல்வெட்டுகளில் பாண்டிய மன்னர் பெயர்கள் 'தேவர்' என்றே முடிவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

பாண்டிய நாட்டில் முத்து உண்டு, நெல் உண்டு. நல்ல குதிரை இல்லை. மாணிக்கவாசகர் வரலாற்றை இங்குள்ள குழந்தைகளும் அறிவர். குதிரை வாங்கி வரும்படி பாண்டியன் பொன் கொடுத்தனுப்ப, திருப்பெருந்துறையில் அப்பொன் திருப்பணிக்குச் செலவானதும், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்ததும் நாம் கேட்டு மகிழ்ந்த கதை. ஓர் அமைச்சரே பொன்மூட்டையோடு கடற்கரைக்குச் செல்லும் அளவுக்குக் குதிரை வாணிகம் பெரிய அரசாங்கக் காரியமாக இருந்தது என்பதை அக்கதையே உணர்த்துகிறது. அதன் மறுகரையை வஸ்ஸாபின் ஏட்டில் காண்கிறோம்.

பாரசீக வளைகுடாவில் உள்ள கைஸ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீன் என்பவர். அவர் தம் குதிரைகளில் ஆண்டுதோறும் 1,400 பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்படிக்கை செய்துகொண்டார். குதிரை ஒன்றுக்கு விலை 220 பொன் தினார். வழியில் கடலில் குதிரை இறந்துபோனாலும் அதன் விலையைப் பாண்டியன் கருவூலம் கொடுத்துவிட வேண்டும். எங்கள் சரக்கு ஆபீசில் 'ரெயில்வே ரிஸ்க்', 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று இரு வகை உண்டு. பாண்டியன் ஒப்புக்கொண்டதோ வாங்குபவர் ரிஸ்க்! குதிரையின் தேவை எவ்வளவு கடுமையாக இருந்திருந்தால் ஓர் அரசன் இத்தகைய ஒப்பந்தத்துக்கு இசைந்திருப்பான்!

ஜமாலுத்தீனின் உடன்பிறந்தாரான தகியுத்தீன் பாண்டியனுக்கு அமைச்சராகவும் ஆலோசகராகவும் இருந்தார் என்றும், காயல் முதலிய துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன என்றும் அறிகிறோம். சைவம் தழைத்த பாண்டியன் அவையில் கடல் கடந்து வந்த ஓர் இஸ்லாமியர் அமைச்சர்! காயல் என்பது தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் உள்ள பழையகாயல் என்பது கால்டுவெல் பாதிரியாரின் முடிவு. இன்று அமைதியான சிற்றூர். அன்று பாரசீகக் கப்பலும் சீனக் கப்பலும் சந்தித்த பெருந்துறை.

வந்த குதிரைகளின் கதி இரங்கத்தக்கது. அவற்றுக்கு வறுத்த பார்லியையும் நெய் கலந்த தானியத்தையும் தின்னக் கொடுத்துக் காய்ச்சிய பாலையும் புகட்டினராம். நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்கவிட்டுப் பின்பு பழக்காமலே ஏறி விரட்டினராம். சில நாளில் அவை ஒன்றுக்கும் உதவாமற் போயினவாம். அதே காலத்தில் காயலுக்கு வந்த வெனிஸ் நகர மார்க்கோ போலோவும் குதிரைகள் விரைவில் மடிவதைக் கூறி, குதிரை வைத்தியர்கள் இந்நாட்டுக்கு வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்கிறார். தீனியைப் பற்றி இருவர் கூற்றும் ஒன்றாக இல்லை. குதிரைகள் மடிந்ததைப் பற்றி ஒன்றுபடுகின்றன. ஒருவரையொருவர் அறியாத இரு சாட்சிகள் ஒன்றுபடும் இடத்தை நாம் நம்பலாம்.

கணக்கைச் சரிபார்த்தல்

ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் விலை 22 இலட்சம் தினார் என்றும் வஸ்ஸாப் ஓரிடத்தில் எழுதுகிறார். பதினாயிரத்தை 220-ஆல் பெருக்கினால் 22 இலட்சம் சரியாக வருகிறது. சரியாக வருவதுதான் என் ஐயம்! உண்மையில் எண்ணிய சரக்கு இப்படி உருண்டை எண்ணாக வருவதில்லை. 9,837 என்றோ 10,214 என்றோ வந்திருக்க வேண்டும். ஆகவே இது துறைமுகப் பேரேட்டிலிருந்து எடுத்த தொகையன்று. ஒருவர் சொன்ன மதிப்பை மற்றொருவர் விலையால் பெருக்கியது. 220 தினார் என்ற விலையை நம்பலாம். விலையை வணிகன் மறப்பதில்லை. பதினாயிரம் என்பதை 'மிகப் பல' என்று கொள்வது நலம்.

இன்னொன்று. மதுரைக் கருவூலத்தில் 1,200 கோடி பொன் இருந்தது என்கிறார் வஸ்ஸாப். 'கோடி' என்ற நம் சொல்லையே எடுத்தாளுகிறார். அதற்கு அவர் தரும் விளக்கம் என்ன தெரியுமா? ஒரு கோடி என்பது ஆயிரம் இலட்சம் தினாராம்! நம் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளும் சிரிப்பார்கள். கோடி என்பது நூறு இலட்சம் அன்றோ? காயலில் யாரோ சொன்ன சொல், கைஸ் தீவு வழியாக ஷிராஸ் போய்ச் சேர்வதற்குள் பத்து மடங்காகப் பெருகிவிட்டது. ஆனால் இந்தப் பிழையே ஓர் உண்மைக்குச் சான்று. பாரசீக எழுத்தர் தாமாகவே கற்பனை செய்திருந்தால் 'கோடி' என்ற சொல் அவருக்கு வந்திராது. நம் கடற்கரையில் நம் சொல்லைக் காதால் கேட்ட ஒருவர் அச்செய்தியைக் கொண்டுசென்றார் என்பது உறுதி.

தந்தையைக் கொன்றானா சுந்தர பாண்டியன்?

இனி, மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

குலசேகர பாண்டியன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செழிப்பாக ஆண்டான். மூத்தவனும் பட்டத்தரசியின் மகனுமான சுந்தர பாண்டியனை விட்டு, இளையவனும் காமக்கிழத்தியின் மகனுமான வீர பாண்டியனுக்கு முடிசூட்ட விரும்பினான். வெகுண்ட சுந்தரன் ஹிஜிரி 709-ஆம் ஆண்டின் இறுதியில், அதாவது 1310-இல், தந்தையைக் கொன்று மதுரையில் முடி சூடினான். பின்பு தம்பியிடம் தோற்று, டில்லி அலாவுதீனிடம் அடைக்கலம் புகுந்தான். இது வஸ்ஸாப் கூறும் வரலாறு. நம் பாடப் புத்தகங்கள் பலவற்றில் இது ஐயமின்றி எழுதப்பட்டுவிட்டது. தந்தையைக் கொன்ற மகனால் தமிழ்நாட்டுக்கு அந்நியப் படையெடுப்பு வந்தது என்று நாமும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம்.

ஒரு மனிதன்மேல் இதைவிடப் பெரிய பழி இல்லை. ஆகவே சாட்சியத்தைத் தீர நோக்க வேண்டும்.

முதலில், வஸ்ஸாபுக்குச் சாதகமானவை. மாறவர்மன் குலசேகரன் 1268-இல் பட்டத்துக்கு வந்தான் என்பது கல்வெட்டாய்வாளர் முடிவு. அதனோடு நாற்பது சொச்சம் ஆண்டுகளைக் கூட்டினால் 1310 அளவில் வந்து நிற்கிறது. மதுரைக் கல்லும் ஷிராஸ் தாளும் இங்கே பொருந்துகின்றன. வீர பாண்டியனின் ஆட்சியாண்டு 1297 அளவிலும், சுந்தர பாண்டியனின் ஆட்சியாண்டு 1303 அளவிலும் தொடங்குவதாகக் கணிக்கின்றனர். அவ்வாறாயின் தந்தை வீரனுக்கே முதலிடம் தந்தான் என்பதும் பொருந்துகிறது.

அடுத்து, பாதகமானவை. இதே வஸ்ஸாப் வேறோரிடத்தில், மாபார் தேவர் ஹிஜிரி 692-இல், அதாவது 1293-இல், இறந்தார் என்றும், பொன்னும் மணியும் ஏற்றிய ஏழாயிரம் எருதுகள் பட்டத்துக்கு வந்த தம்பியின் பங்காகக் கிடைத்தன என்றும் எழுதியிருக்கிறார். பாண்டியர் ஒரே காலத்தில் பலராக நாட்டைப் பகிர்ந்து ஆண்டவர் என்பதைக் கல்வெட்டுகளால் நாம் அறிவோம். ஆகவே 1293-இல் இறந்தவர் வேறொரு பாண்டியராக இருக்கலாம். ஆனால் வஸ்ஸாபுக்கோ எல்லாரும் 'தேவர்'தான். இந்தத் தேவர் யார், அந்தத் தேவர் யார் என்று அவரால் பிரித்தறிய இயலவில்லை.

மேலும், டில்லியிலேயே வாழ்ந்து அலாவுதீனின் அவையில் இருந்தவர் கவிஞர் அமீர் குஸ்ரு. மாலிக்காபூரின் படையெடுப்பை உடனுக்குடன் எழுதியவர். பாண்டியச் சகோதரர் இருவரும் ஒருவரோடொருவர் போரிட்டனர் என்று அவர் கூறுகிறார். தந்தை கொலையுண்டதைக் கூறவில்லை. சுந்தர பாண்டியன் டில்லிக்கு வந்து அடைக்கலம் புகுந்ததையும் கூறவில்லை. தம் சுல்தானின் காலடியில் ஒரு தென்னாட்டரசன் வந்து விழுந்திருந்தால், அரசவைக் கவிஞர் அதைப் பாடாமல் விடுவாரா? அதுமட்டுமன்று, வஸ்ஸாப் சுந்தரனை மூத்தவன் என்கிறார், குஸ்ருவோ வீரனை மூத்தவன் என்கிறார்.

ஆக, கொலைக் குற்றத்துக்குச் சாட்சி ஒருவரே. அவரும் நேரில் கண்டவரல்லர். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தவர். குதிரை விலையை அவருக்குச் சொன்னவர்கள் குதிரை விற்றவர்கள். அரண்மனைக்குள் நடந்ததைச் சொன்னவர்களோ துறைமுகத்தில் வதந்தி கேட்டவர்களாக இருக்கலாம். 'நடக்கவே இல்லை' என்று நான் சொல்லவில்லை, நடந்திருக்கவும் கூடும். சகோதரப் பூசல் இருந்தது என்பது இரு சாட்சிகளாலும் உறுதி. தந்தைக் கொலையோ ஒரு சாட்சியோடு நிற்கிறது. நீதிமன்றத்தில் ஒரு சாமானியனுக்கு அளிக்கும் ஐயத்தின் பயனை நாம் ஒரு பாண்டியனுக்கும் அளிக்கலாகாதா?

அந்நியர் எழுதினார் என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் கூடாது. அச்சில் வந்துவிட்டது என்பதற்காக ஒன்றைக் கொள்வதும் கூடாது. நம் பெருமைக்கு இசைந்ததை மட்டும் பொறுக்கிக்கொள்வதோ சரித்திரமே ஆகாது.

நாம் வாழும் மண்

மாலிக்காபூர் மதுரைக்குச் சென்ற வழி நாம் வாழும் இக்கன்னட நாட்டின் வழியே என்பதை மறக்கலாகாது. 1311 பிப்ரவரி இறுதியில் அவர் ஹாசன் மாவட்டத்து ஹளேபீடு, அக்காலத் துவாரசமுத்திரம், வந்து சேர்ந்தார். அதன் மன்னன் மூன்றாம் வீர வல்லாளன், பாண்டியர் சண்டையிடுவதைக் கண்டு அவர்கள் ஊர்களைக் கொள்ளையிடப் போயிருந்தான் என்று குஸ்ரு கூறுகிறார். ஒருவர் வீட்டுச் சண்டையில் ஆதாயம் தேடிப் போனவர் தம் வீட்டைக் காவலின்றி விட்டார்.

மதுரையிலிருந்து கொண்டுபோன கொள்ளைப் பொருளிலும் கணக்கு வேறுபடுகிறது. யானைகள் 512, குதிரைகள் 5,000 என்பது அக்காலத்தவரான குஸ்ருவின் கணக்கு. ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து எழுதிய பரணியோ யானைகள் 612, குதிரைகள் 20,000 என்கிறார். செத்த குதிரை ஏட்டில் குட்டி போடுகிறது!

அவ்வல்லாளனின் போசள மரபினர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள், இங்கிருந்து நடந்தே போகக்கூடிய தொம்மலூர்ச் சொக்கப் பெருமாள் கோயிலில் உள்ளன. லூயிஸ் ரைஸ் என்பார் 1905-இல் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை அச்சிட்டபோது அவையும் வெளிவந்தன. இதனினும் வியப்பு, சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. சக ஆண்டு 1203 சித்திரையில், அதாவது 1281-இல், அங்கே ஒரு சிவன் கோயிலை எழுந்தருளச் செய்த தமிழர், அந்நாட்டை ஆண்ட கானின் உடல்நலம் கருதி அவ்வறத்தைச் செய்தனர். அந்தக் கான் பாக்தாதை அழித்த ஹுலாகுவின் தமையனான குப்ளாய் என்பது அறிஞர் கருத்து. மங்கோலியரைப் பற்றிப் பாரசீகர் எழுதினர். மங்கோலியரின் ஆட்சியில் இருந்துகொண்டு நம்மவரும் எழுதினர். அவர்கள் தாளில் எழுதினர், நம்மவர் கல்லில் எழுதினர். கல் பொய் சொல்வது அரிது. ஆனால் கொஞ்சமாகவே பேசும். தாள் நிறையப் பேசும். பிழையும் சேர்த்தே பேசும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

பெரியோர்களே, நாற்பதாண்டு ஆண்ட ஒரு பேரரசனின் முடிவை அறிய, அவன் நாட்டில் ஓர் ஏடு இல்லை. குதிரை விற்றவர்களின் ஊரில் போய்த் தேட வேண்டியிருக்கிறது. பாட்டெழுதத் தெரிந்த நம் முன்னோர்க்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் போதிய அளவு வாய்க்கவில்லை. நாமும் பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். வேலூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் எந்த ஆண்டில், எந்த வேலைக்காக, யாரை நம்பி நம் முன்னோர் இங்கு வந்தனர் என்பதை நம் வீடுகளில் எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்? நாம் எழுதாவிட்டால் பிறர் எழுதுவர். அவர் நம்மேல் வெறுப்புற்று எழுதுவார் என்பதில்லை, கேள்விப்பட்டதை எழுதுவார். கோடி பத்துக் கோடியாகும், இளையவன் மூத்தவனாவான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வைப்போம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குவோம். பள்ளிப் பிள்ளைகள் தத்தம் பாட்டனார் பாட்டியாரிடம் கேட்டு எழுதட்டும். சொன்னவர் பெயரும், எழுதிய தேதியும், கண்டதா கேட்டதா என்ற குறிப்பும் தவறாமல் இருக்கட்டும். இரஷீதுத்தீன் செய்தது போல இரண்டு படி எடுத்து வேறுவேறு இடங்களில் வைப்போம். அடுத்த ஆண்டு விழாவில் அந்நோட்டிலிருந்து நான்கு பக்கமாவது இம்மேடையில் படிக்கப்பெறுமானால், இன்று நீங்கள் எனக்களித்த நேரம் வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.